யார் வீட்டு அறையின் வெப்பம்?

தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸில் இளகும். மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ ஒரு வீட்டு அலமாரியில் இருக்கும் எண்ணெய் பாட்டில் வருஷத்தில் பத்துப் பதினோரு மாதம் தண்ணீராக ஓடும். மார்கழி விடியலில் மட்டும் அடியில் வெள்ளையாகக் கட்டிக்கொள்ளும். அதை வெயிலில் வைத்து இளக்கித் தலையில் தேய்ப்பார்கள். அதே பாட்டில் லண்டனில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையில் இருந்தால் பெரும்பாலான நாட்களில் கரண்டியால் தோண்டித்தான் எடுக்க வேண்டும். எண்ணெய் ஒன்றுதான், அறை வேறு. இவ்வளவு எளிய உண்மையை ஒயின் விஷயத்தில் மட்டும் இந்த நகரம் மறந்துவிடுகிறது. சிவப்பு ஒயினை 'அறை வெப்பநிலையில்' பரிமாற வேண்டும் என்று யாரோ எங்கோ எழுதியதை அப்படியே எடுத்துக்கொண்டு, 32 டிகிரியில் இருக்கும் பாட்டிலைத் திறந்து கிளாசில் ஊற்றுகிறோம். வெள்ளை ஒயினையோ, பீருக்குச் செய்வதுபோல, பல் கூசும் அளவுக்குக் 'கூலிங்' ஆக்கிவிடுகிறோம். இரண்டும் தவறு. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: சென்னையில் எந்தப் பானத்தின் சூட்டையும் சென்னையின் காற்றிலிருந்து கணக்கிட வேண்டும், வேறொரு ஊரின் அறையிலிருந்து கணக்கிடக் கூடாது.

அந்த 'அறை' எது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பிரான்ஸில் ஒயினை நிலவறையில் வைப்பார்கள். அங்கே வெப்பம் 12 டிகிரியை ஒட்டி இருக்கும். விருந்துக்குச் சில மணி நேரம் முன்னால் சிவப்பு ஒயினை மேலே சாப்பாட்டு அறைக்குக் கொண்டுவந்து வைத்து, அந்த அறையின் சூட்டுக்கு வரவிடுவார்கள். இதற்கென்றே பிரெஞ்சில் 'ஷாம்ப்ரே' என்று ஒரு வினைச்சொல் உண்டு. அறைக்குப் பழக்குவது என்று சொல்லலாம். அந்த வழக்கம் உருவான காலத்தில் கல்வீட்டின் சாப்பாட்டு அறை 16 முதல் 18 டிகிரிக்குள்தான் இருந்தது. வீடு முழுவதையும் சூடாக்கும் குழாய் அமைப்புகள் பின்னால் வந்தவை. ஆகவே 'அறை வெப்பநிலை' என்ற அறிவுரை ஐரோப்பாவிலேயே இன்று காலாவதியாகிவிட்டது. சென்னையில் அது எந்தக் காலத்திலும் பொருந்தியதில்லை. மே மாதத்தில் இங்கே பகல் உச்சம் சராசரியாக 37 டிகிரியைத் தாண்டும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. குளிர்ந்த மாதமான ஜனவரியிலும் இரவின் தாழ்நிலை 21 டிகிரியை ஒட்டித்தான். பிரெஞ்சு வழக்கத்தின் சொல்லைக் காப்பாற்ற வேண்டுமானால் சென்னையில் சிவப்பு ஒயினைக் குளிர்விக்க வேண்டும். சொல் சொல்வதற்கு நேர்மாறாகச் செய்தால்தான் சொல்லின் பொருள் கிடைக்கும் என்ற இந்த நிலையை நம் ஊர் ஹோட்டல்களும் கடைகளும் வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

சில டிகிரி கூடினால் குறைந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். ஒயின் தொடாதவர்களும் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கக்கூடிய ஒன்று உண்டு. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை அது. ஒரு கொத்தை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு வாயில் போட்டால் இனிப்பும் நீரும் தெரியும், பன்னீர் தெரியாது. தோல் சற்று நெறித்து, விதை கசந்து, துவர்ப்பு முன்னால் வந்து நிற்கும். அதே கொத்தைக் கால் மணி நேரம் மேசையில் வைத்துவிட்டு மறுபடி ஒன்றைக் கடித்தால், பெயருக்குக் காரணமான ரோஜா மணம் மூக்குக்குப் பின்பக்கமாக ஏறும். மணப்பொருள்கள் ஆவியானால்தான் மூக்கை எட்டும். குளிர் அவற்றைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. இன்னும் ஒரு மணி நேரம் சித்திரை வெயிலில் விட்டால் மணம் மங்கி, புளித்த வாடை எட்டிப்பார்க்கும். ஒயினில் நடப்பதும் இதுவே, கூடுதலாக 12 முதல் 14 சதவீத ஆல்கஹாலோடு. 30 டிகிரியில் ஆல்கஹால் முந்திக்கொண்டு ஆவியாகி மூக்கை அரிக்கும். பழத்தின் மணம் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். புளிப்பின் விறுவிறுப்பு அடங்கி, ஒயின் தொளதொளத்துப்போகும். மறுபக்கம், 4 டிகிரிக்கு இறக்கிய சிவப்பு ஒயினில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள், வாழைப்பூவை மோரில் போடாமல் மென்றதுபோல, நாக்கை இழுத்துப் பிடிக்கும்.

இனிப்பின் கதை இதைவிடத் துல்லியமாகத் தெரிந்த ஒன்று. 2005இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வுக் குழு ஒன்று 'நேச்சர்' இதழில் ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டது. நாக்கின் சுவை அணுக்களில் இனிப்பை மூளைக்குச் சொல்லும் வழியில் டிஆர்பிஎம்5 என்ற புரதம் ஒரு வாசல்போல இருக்கிறது. 15 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குப் போகப் போக அந்த வாசல் அகலத் திறக்கிறது. ஐஸ்கிரீம் உருகியதும் திகட்டுவது இதனால்தான். மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயிலை ஒட்டிய காளத்தி கடை ரோஸ் மில்க்கை வாங்கியவர்கள் நின்ற இடத்திலேயே குடித்து முடிப்பதற்கும் இதில் ஒரு நியாயம் இருக்கிறது. சில்லென்று இருக்கும்போது அளவாகத் தெரியும் இனிப்பு, குளிர் விட்டுப்போனால் பாகாகிவிடும். ஒயினிலும் இதே கணக்குதான். இனிப்பு ஒயினுக்கும் நுரைக்கும் ஒயினுக்கும் 6 முதல் 8 டிகிரி. நாசிக்கிலிருந்து வரும் செனின் பிளாங்க், சாவிஞ்ஞோன் பிளாங்க் போன்ற வெள்ளை ஒயினுக்கு 8 முதல் 10. ஓக் பீப்பாயில் வைத்த கனமான வெள்ளைக்கு 12 வரை போகலாம். லேசான சிவப்புக்கு 12 முதல் 14. ஷிராஸ், கேபர்னே போன்ற கனத்த சிவப்புக்கு 16 முதல் 18. ஒன்றிரண்டு டிகிரி முன்னே பின்னே போனால் குடி முழுகிவிடாது. ஆனால் 18 வேண்டிய இடத்தில் 32 என்பது ஒன்றிரண்டு டிகிரி அல்லவே.

இந்த ஊர் இதைப் பற்றி யோசிக்காத ஊரும் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் மதராஸ் வெள்ளையர் மேசையில் மதேரா ஒயின் முதலிடத்தில் இருந்ததற்கு வெப்பமே காரணம். அட்லாண்டிக் தீவான மதேராவிலிருந்து கப்பலின் அடித்தளத்தில் கிடந்து, நிலநடுக்கோட்டைத் தாண்டி வெந்து வந்த அந்த ஒயின் கெடாததோடு சுவையும் கூடியிருந்தது. பயணம் போய்த் திரும்பிய பீப்பாய்களுக்குத் தனி மதிப்பு இருந்தது. பின்னாளில் மதேராக்காரர்கள் பயணத்தை விட்டுவிட்டு ஒயினை ஊரிலேயே சூடேற்றத் தொடங்கினார்கள். அதாவது, நம் வெயிலுக்குத் தகுந்த ஒயினைத் தேர்ந்தெடுக்கும் புத்தி அன்றைக்கே இருந்தது. மற்ற ஒயினைக் குளிர்விக்க வெடியுப்பைப் பயன்படுத்தினார்கள். தண்ணீரில் வெடியுப்பு கரையும்போது சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அதில் பாட்டிலைச் சுழற்றினால் குளிரும். அக்பர் காலத்து அரண்மனையில் குடிநீருக்கு இப்படிச் செய்ததை அபுல் ஃபசல் 'அயினி அக்பரி'யில் குறித்திருக்கிறார். கம்பெனி துரைகளின் வீடுகளில் இந்த வேலைக்கென்றே 'ஆப்தார்' என்ற பணியாளர் இருந்தார். மேசையில் ஒயின் என்ன சூட்டில் வந்தது என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

ஈரத்துணியைச் சுற்றி வைத்தால் போதாதா என்றால், வட இந்தியாவில் ஓரளவு போதும், மதராஸில் போதாது. மண்பானை நீர் குளிர்வதும் ஈரத்துணி குளிர்வதும் ஆவியாதலால். காற்று வறண்டிருந்தால்தான் ஆவியாதல் வேகமாக நடக்கும். டெல்லியின் மே மாத அனல் காற்றில் ஈரத்துணி பாட்டிலை 22, 23 டிகிரி வரை இறக்கலாம். கடலை ஒட்டிய நம் ஊரின் புழுக்கத்தில் அது 27, 28 டிகிரியிலேயே நின்றுவிடும். அதற்குக் கீழே எந்தப் பானையாலும் போக முடியாது. மதராஸுக்கு ஐஸ் தேவைப்பட்டது இதனால்தான். பாஸ்டன் வணிகர் ஃபிரெடெரிக் டியூடர் அமெரிக்க ஏரிகளில் உறைந்த பனியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, 1833இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். 180 டன் ஏற்றியதில் நூறு டன் அளவுக்கு உருகாமல் வந்து சேர்ந்தது. 1842 வாக்கில் மதராஸ் கடற்கரையில் அந்தப் பனியைச் சேமிக்க ஒரு வட்டமான கட்டடம் எழுந்தது. செயற்கை ஐஸ் வந்ததும் அந்த வியாபாரம் படுத்தது. கட்டடத்தை வழக்கறிஞர் பிலிகிரி அய்யங்கார் வாங்கினார். 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. சுற்றுப்புறத்துக்கோ இன்னும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் பெயர். பாதி உலகத்தைச் சுற்றிப் பனிக்கட்டி வந்து இறங்கிய ஊரில், வீட்டுக்கு வீடு ஃப்ரிட்ஜ் இருக்கும் காலத்தில், சிவப்பு ஒயினை ஐஸ் பக்கம் கொண்டுபோவதே பாவம் என்று நினைப்பது வருத்தமாக இருக்கிறது.

இதைவிட நெருக்கமான சான்று நம் கையிலேயே இருக்கிறது. டபராவும் டம்ளரும் ஏன் இரண்டு பாத்திரம்? காபியின் சூட்டைக் குடிப்பவரே தீர்மானிப்பதற்காக. கொதிக்கும் பாலும் டிகாக்‌ஷனும் சேர்ந்து வரும் காபி முதலில் உதட்டில் வைக்க முடியாத சூட்டில் இருக்கும். டம்ளரிலிருந்து டபராவுக்கு, டபராவிலிருந்து டம்ளருக்கு, ஒரு முழ உயரத்திலிருந்து ஆற்றும்போது ஒவ்வொரு முறையும் சில டிகிரி இறங்கும், நுரை கட்டும், மணம் எழும். அகன்ற டபரா பரப்பைக் கூட்டிச் சூட்டை வெளியேற்றுகிறது. குறுகிய டம்ளர் மிச்சச் சூட்டைப் பிடித்துவைக்கிறது. விளிம்பைப் பிடித்த விரல் 'இப்போது குடிக்கலாம்' என்று சொல்லும். 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் எதையும் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியது. அதற்கு எத்தனையோ தலைமுறை முன்னால் ஆற்றிக் குடிக்கும் வழக்கத்தை இந்த நகரத்தின் சமையலறைகள் வகுத்துவிட்டன. மூடி போட்ட காகிதக் கோப்பை இந்த உரிமையைப் பறித்தது என்பதும் என் வருத்தம், அது தனிக் கட்டுரைக்கு உரியது. இங்கே சொல்ல வருவது ஒன்று: காபியில் சூட்டைப் பற்றி இவ்வளவு நுணுக்கம் தெரிந்த மக்களுக்கு ஒயினின் குளிர்ச்சியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்த நுணுக்கத்தை இந்தப் பக்கம் திருப்பினால் போதும்.

ஏசி இருக்கிறதே என்பது முதலில் வரும் மறுப்பு. தி.நகரின் ஹோட்டல்களில் ஏசி ஓடுகிறது, ஆகவே அறை வெப்பநிலை என்ற சொல் மறுபடி பொருந்திவிட்டது என்பார்கள். 2020 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் அறை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்பது எரிசக்தித் திறன் அமைப்பின் விதி. அந்த 24இலும் சிவப்பு ஒயினுக்கு ஆறு டிகிரி அதிகம். சாப்பாட்டு அறையில் 24 இருந்தாலும் பாட்டில் அங்கே குடியிருப்பதில்லை. சமையலறைக்குப் பக்கத்துச் சரக்கறையிலோ, விளக்குக்குக் கீழே அலங்கார அடுக்கிலோ இருந்துவிட்டு வருகிறது. அதற்கும் முன்னால் நாசிக்கிலிருந்தோ, பெங்களூருவுக்கு அருகே நந்தி மலை அடிவாரத்திலிருந்தோ லாரியில் வெயிலைக் குடித்துக்கொண்டு வந்திருக்கும். முப்பது டிகிரிக்கு மேல் வாரக்கணக்கில் நிற்கும் ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளும், பழ மணம் வேகவைத்த பழமாக மாறும். அந்தக் கேட்டை மேசையில் செய்யும் எந்தக் குளிர்விப்பும் சரிசெய்யாது. 2003இலிருந்து தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக்கின் கையில் மட்டுமே இருக்கிறது. ஒரே விற்பனையாளர் என்பதால் ஒரே உத்தரவில் ஒயின் பாட்டில்களைக் குளிர்ந்த இடத்தில், படுக்கைவாட்டில் வைக்கச் சொல்ல முடியும். பீருக்குக் கூலர் வைக்கத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய காரியமில்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது, அதை மேலோட்டமாகத் தள்ள எனக்கு மனமில்லை. குடியால் குடும்பங்கள் அழியும் மாநிலத்தில் ஒயினை எத்தனை டிகிரியில் குடிப்பது என்று நாளிதழில் எழுதுவது தகுமா? எந்த அளவு ஆல்கஹாலும் உடலுக்குப் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. குடிக்காதவர் தொடங்குவதற்கு இந்தக் கட்டுரை ஒரு காரணமும் தரவில்லை, தரவும் கூடாது. சரியான குளிர்ச்சியில் குடிப்பவர் குறைவாகக் குடிப்பார் என்றும் நான் சொல்ல மாட்டேன். அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. 1937இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கி, 1948இல் மாகாணம் முழுக்கப் பரவி, 1971இல் தளர்ந்த மதுவிலக்கின் வரலாறு இந்த மண்ணுக்கு உண்டு. அதன் பின்னால் இருந்த கவலை இன்றும் உயிருள்ளது. ஆனால், மது என்றாலே நாக்கை மரக்கச் செய்யும் குளிரில் மளமளவென்று விழுங்க வேண்டிய பொருள் என்ற பழக்கம்தான் நமக்கு மிஞ்சியிருக்கிறது. சுவை வேண்டாம், போதை போதும் என்பவருக்கே பல் கூசும் குளிர் வசதி. கெட்ட சுவையை அது மறைக்கும். சட்டப்படி விற்கப்படும், வரி செலுத்தி வாங்கப்படும் ஒரு பொருளை, சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் எடுத்துக்கொள்கிற ஒருவருக்கு அது எப்படி இருக்க வேண்டுமோ அப்படித் தருவதில் ஒழுக்கக்கேடு ஒன்றும் இல்லை. அதைக் கெடுத்துத் தருவதில் மதுவிலக்கும் இல்லை.

ஒயினே அந்நிய நாகரிகம், அதற்கு டிகிரி பார்ப்பது மேட்டிமை என்ற பேச்சுக்கு அவ்வளவு நேரம் செலவிடத் தேவையில்லை. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர், பாண்டியன் நன்மாறனுக்கு யவனர் கொண்டுவந்த மதுவைப் பொற்கலத்தில் மகளிர் ஊற்றித் தருவதைப் பாடுகிறார். அந்த மதுவுக்கு அவர் தரும் அடைமொழி குளிர்ச்சியையும் மணத்தையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்கிறது. இந்தக் கட்டுரை இத்தனை பத்திகளில் சொல்ல முயல்வதும் அந்த இரண்டின் உறவைத்தான். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது கிடைத்த இருகைப்பிடிச் சாடித் துண்டுகள், மத்தியதரைக் கடல் ஒயின் இந்தக் கரையில் இறங்கியதற்குச் சாட்சி. மேட்டிமை என்று ஒன்று இருக்கிறது என்றால் அது, ஆயிரங்கள் கொடுத்து வாங்கிய பாட்டிலை வெதுவெதுப்பாக ஊற்றிவிட்டு அதுதான் முறை என்று சாதிப்பதில் இருக்கிறது. வெப்பமானியோ பாத்திரக் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்.

வெப்பமானியும் இல்லாவிட்டால் சென்னையின் புழுக்கமே அளவுகோல். இங்கே ஆண்டின் பெரும்பகுதியில் காற்றின் ஈரம் 23, 25 டிகிரியில் நீராகப் படியும். ஆகவே அலமாரியிலிருந்து எடுத்த சிவப்பு ஒயின் பாட்டிலின் மேல் வேர்வை அரும்பவில்லை என்றால் அது இன்னும் சூடாகவே இருக்கிறது. மெல்லிய பனிமூட்டம்போல் கண்ணாடி மங்கினால் நெருங்கிவிட்டது. சொட்டுச் சொட்டாக மேசையில் வழிந்தால் வெள்ளைக்குச் சரி, சிவப்புக்கு அதிகம். குளிர்விக்க, ஒரு எவர்சில்வர் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர். ஐஸை மட்டும் போட்டால் கட்டிகளுக்கு இடையே காற்று நின்று வேலையைக் கெடுக்கும்; தண்ணீர் பாட்டிலின் உடம்பு முழுக்கத் தொட்டால்தான் சூடு சீக்கிரம் இறங்கும். 30 டிகிரியில் இருக்கும் சிவப்பு ஏறத்தாழ பத்து நிமிடத்தில் 18க்கு வரும்; வெள்ளைக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம். ஃப்ரிட்ஜானால் சிவப்புக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். இரவெல்லாம் ஃப்ரிட்ஜில் கிடந்த வெள்ளையை ஊற்றுவதற்கு அரை மணி முன்னால் வெளியே எடுக்க வேண்டும். கிளாசில் ஊற்றிய பிறகு நம் காற்று சும்மா இருக்காது என்பதால், இரண்டு டிகிரி குறைவாகத் தொடங்குவதும், கிளாசை நிரப்பாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதும் நல்லது. ஹோட்டல்களில் வெள்ளை ஒயினுக்கு மட்டும் மேசைக்கு வரும் ஐஸ் வாளி சிவப்புக்கும் வர வேண்டும். காபிக்கு டபரா எப்படியோ, ஒயினுக்கு அது அப்படி. இந்திய ஒயின் தயாரிப்பாளர்கள் பின்பக்கத் துண்டுச்சீட்டில் 'அறை வெப்பநிலை' என்ற சொல்லை ஒழித்துவிட்டு எண்ணை அச்சிட வேண்டும். நாசிக்கின் அறை ஒன்று, மயிலாப்பூரின் அறை இன்னொன்று. 17 டிகிரி என்றால் இரண்டு ஊரிலும் 17தான். மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்துபோன நாளிலும், அதே அலமாரியில் நிற்கும் சிவப்பு ஒயின் பாட்டில் 23, 24 டிகிரியில்தான் இருக்கும். அன்று மாலையும் அதற்கு ஐஸ் தண்ணீரில் ஐந்து நிமிடம் வேண்டும்.